கம்பி எண்ணுகிறவர்கள்

ஐ.சி.எஃப். ரயில் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ. மாதிரி ரயிலின் எச்.ஓ. அளவில், அதாவது 1:87இல், அது 245 மி.மீ. பஃபருக்குப் பஃபர் அளந்தால் 22,297, மாதிரியில் 256. அகலம் 3,245, மாதிரியில் 37 சொச்சம். இந்த எண்களில் யாருக்கும் சண்டை கிடையாது. ஸ்கேலும் கால்குலேட்டரும் வைத்திருப்பவர் இதோடு நிம்மதியாகப் பெட்டியை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். அப்படிச் சாப்பிடப் போனவர் ஒருவர்கூட இந்தத் துறையில் இல்லை.

மூலப்பெட்டி பிறந்தது பெரம்பூரில். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, அதாவது ஐ.சி.எஃப்., சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் ஊர்க் கம்பெனியின் வடிவமைப்பை வாங்கிக் கட்டத் தொடங்கியது. 2018 வரை அந்த வடிவம் தயாரிப்பில் இருந்தது. முழுக்க எஃகு, முழுக்கப் பற்றவைப்பு. மேல்நாட்டு மாடலர்களிடையே ரிவெட் எண்ணுபவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் எத்தனை ரிவெட் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று எண்ணியே ஆயுளைக் கழிப்பவர்கள். பற்றவைத்த பெட்டியில் எண்ணுவதற்கு ரிவெட் இல்லை. ஆகவே அதே இனம் இங்கே வந்ததும் ஜன்னல் கம்பியை எண்ணத் தொடங்கியது.

சென்ற மாதக் கண்காட்சி ஒன்றில் அந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் காணக் கிடைத்தார். நாற்பத்தைந்து நிமிடம் ஓடிக்கொண்டிருந்த ரயிலைப் பார்க்காமல், நின்றிருந்த ஒரே ஒரு பெட்டிக்கு முன் குனிந்து, செல்போனில் இருந்த படத்தை ஒரு தரம், பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒரு கம்பி கம்மியா இருக்கே" என்றார். எதிரே இருந்தவர் மூன்று வாரம் சாமணத்தால் அந்தக் கம்பிகளை ஒட்டியவர்.

கம்பிக்கு முன் தண்டவாளம். எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. இதை 87ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ.; ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கச்சிதம். இந்திய அகலப் பாதையோ 1,676 மி.மீ. அளவு பிசகாமல் போட வேண்டுமானால் 19.3 மி.மீ. வேண்டும். கடையில் கிடைப்பது 16.5தான். அதாவது கம்பி எண்ணுகிறவர் கண்முன் நிற்கும் பெட்டி, நிஜ அளவில் 24 சென்டிமீட்டர் குறுகிய பாதையில் நின்றுகொண்டிருக்கிறது. இதை அவர் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பேசுவதில்லை. இங்கிலாந்திலும் இந்தக் கோளாறு உண்டு. ஓஓ அளவு 1:76 ஆக இருந்தும் தண்டவாளம் அதே 16.5. அங்கே சிலர் பொறுக்கமாட்டாமல் 18.2 மி.மீ. என்றும், அதுவும் போதாமல் 18.83 மி.மீ. என்றும் தனித் தண்டவாளமே அடித்துக்கொண்டார்கள். சக்கரத்தை எல்லாம் பிடுங்கி மாற்றினார்கள். அவர்களுக்குக் கம்பி பற்றிப் பேச உரிமை உண்டு.

வளைவும் இப்படித்தான். நம் அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவு பத்து டிகிரி. ஆரம் 175 மீட்டர். எச்.ஓ.வில் இரண்டு மீட்டர். ஒரு அரைவட்டம் திரும்பவே நான்கு மீட்டர் அகலமான அறை வேண்டும்; வாடகை வீட்டில் அதற்கு ஹாலையும் சமையலறையையும் சேர்க்க வேண்டியிருக்கும். ரயில் செட்டோடு வரும் வளைவின் ஆரம் 457 மி.மீ., பதினெட்டு அங்குலம். அமெரிக்காவில் 85 அடிப் பெட்டிகள் இந்த வளைவில் திரும்ப மறுத்தபோது, கம்பெனிகள் வெட்கப்படாமல் அவற்றை 72 அடிக்குச் சுருக்கி விற்றன. ஜன்னல்களைக் குறைத்தால் தீர்ந்தது வேலை. வெட்டிச் சுருக்கிய அந்த அமெரிக்கப் பெட்டி நம் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளத்துக்கு வந்து நிற்கிறது என்பதில் ஓர் அற்பத் திருப்தி கிடைக்கிறது.

இனி ஜன்னல். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பி எச்.ஓ.வில் 0.115 மி.மீ. ஆகும், தலைமுடி அதைவிடக் கொஞ்சம்தான் மெலிசு. பிளாஸ்டிக் வார்ப்பில் அவ்வளவு மெல்லியதாக எடுப்பது கடினம். எடுத்தாலும் மூச்சுவிட்டால் முறியும். 0.4 மி.மீ.க்கு வார்த்தால் நிற்கும், ஆனால் நிஜ அளவில் அது 35 மி.மீ. கம்பி. பயணிகள் அதற்குள்ளே உட்கார்ந்தால் நாகர்கோவிலுக்குப் போகிறவர்களாகத் தெரியாது, புழலுக்குக் கொண்டுபோகப்படுகிறவர்களாகத் தெரியும். ஆகவே மாடலர் மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்துக் கம்பி எடுக்கிறார். அல்லது ஒளிபுகும் தாளில் கோடு அச்சடித்து உள்பக்கம் ஒட்டுகிறார். கோடு மலிவு. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் குட்டு வெளிப்படும். பார்வையாளர் எப்போதும் பக்கவாட்டில் இருந்துதான் பார்ப்பார்.

கம்பியோடு விட்டாலும் பரவாயில்லை. ஷட்டர் இருக்கிறது. ஸ்லீப்பர் பெட்டியில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கண்ணாடி ஷட்டர் ஒன்று, தகட்டு ஷட்டர் ஒன்று. மாதிரிப் பெட்டிகளில் இவை எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றன. நிஜ ரயிலில் எந்தக் காலத்திலும் அப்படி நின்றதில்லை. ஒன்று முழுக்கத் திறந்திருக்கும். ஒன்று பாதியில் மாட்டிக்கொண்டிருக்கும். அதை ஏற்ற முயன்றவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றை ஏற்றிவிட்டுக் கொக்கி விழுந்ததா என்று பார்க்காமல் கையை நீட்டி வடை வாங்குகிறவர் இருப்பார். சைடு லோயரில் பகல் பன்னிரண்டு மணிக்கே இரண்டு ஷட்டரையும் இறக்கிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தவர் இருப்பார். எனவே 72 பெர்த் பெட்டிக்கு ஷட்டர் வைப்பவர் முதலில் 72 பேருடைய குணத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

குணம் தீர்ந்ததும் வெயில் வரும். சென்னையில் காலையில் புறப்பட்டுத் தெற்கே போகும் ரயிலில் கிழக்குப் பக்க ஷட்டர்கள் காலையில் இறங்கியும் மேற்குப் பக்க ஷட்டர்கள் மாலையில் இறங்கியும் இருக்க வேண்டும். ஆகவே மேசையில் இருக்கும் ரயில் எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் போகிறது என்பதை முடிவு செய்யாமல் ஒரு ஷட்டரைக்கூட ஒட்ட முடியாது. மழை வந்தால் நிலைமை இன்னும் மோசம். மழை ஒரு பக்கத்தில் இருந்துதான் சாய்ந்து அடிக்கும். ஆகவே மாதம் தெரிய வேண்டும். ஐப்பசியா ஆடியா என்பது தெரிய வேண்டும். காற்றின் திசை தெரிய வேண்டும். இத்தனையும் தெரிந்து, மழைப் பக்கம் முழுக்க மூடி, மறுபக்கம் திறந்து, நடுவில் ஒரு பிடிவாதக்காரர் ஜன்னலை மட்டும் மழைப் பக்கத்திலும் திறந்து வைத்து, பசை காய்ந்ததும் ரயிலை ஓடவிட்டால், முட்டை வடிவத் தண்டவாளத்தில் அது அரைச் சுற்று சுற்றிவிட்டு எதிர்த் திசையில் வருகிறது. இப்போது மழை திறந்த ஜன்னல்களுக்குள் அடிக்கிறது. மூடிய பக்கத்தில் நல்ல வெளிச்சம். பசை சூப்பர் க்ளூ, பிரிக்க முடியாது. இதற்கு விடை தேடி மாடலர்கள் பலர் தூக்கத்தை விட்டிருக்கிறார்கள். நேராகவே போகும் தண்டவாளம் ஒன்றுதான் விடை. அதற்கும் அறை போதாது. எமர்ஜென்சி ஜன்னலுக்குக் கம்பியே கிடையாது என்பதால் ஒரே ஒரு சலுகை உண்டு. அந்த ஜன்னலைப் பார்த்தும் ஒருவர் "இங்க கம்பியையே காணோமே" என்று கேட்டிருக்கிறார்.

கூரைக்கு அவ்வளவு பாடு இல்லை. ஏ.சி. இல்லாத பெட்டியில் வரிசையாகக் காற்றுக்குழாய் மூடிகள், ஏ.சி. பெட்டியில் இயந்திரம் பழையதில் அடியில் தொங்கும், புதியதில் கூரையில் உட்காரும். அதைப் பார்த்து ஒட்டினால் போதும்.

அடிப்பாகம் வேறு விஷயம். அச்சில் இருந்து பெல்ட் போட்டுச் சுழலும் ஆல்டர்நேட்டர், பேட்டரிப் பெட்டிகள், பிரேக் சிலிண்டர், அதன் குழாய்கள், கழிப்பறைக்கு அடியில் ஒரு குழாய். 2010களில் பயோ டாய்லெட் வந்தபின் அந்தக் குழாய்க்குப் பதில் தொட்டி. ஆகவே 2008இல் ஓடுவதாகச் சொல்லும் ரயிலில் தொட்டி இருந்தால் தவறு. 2020இல் ஓடுவதாகச் சொல்லும் ரயிலில் தொட்டி இல்லாவிட்டால் தவறு. ஸ்டைரீன் தகட்டை அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, நான்கு தொட்டிகளையும் செய்து ஒட்டி முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்ததும் அவை கண்ணுக்குத் தெரியாது. யாராவது வீட்டுப் பிள்ளை வேகத்தைக் கூட்டி, ரயில் வளைவில் கவிழ்ந்தால் மட்டுமே பார்க்கலாம். அப்படிக் கவிழும்போது மாடலரின் முகத்தில் கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் தெரிவதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கவனிக்கலாம்.

வண்ணத்தில் தவறு செய்வது சுலபம். பல பத்தாண்டுகள் செங்கல் சிவப்பு. 1990களின் பிற்பகுதியில் இரட்டை நீலம் பரவியது. 2018இல் பழைய பெட்டிகளைப் புதுப்பித்தபோது பழுப்பும் சந்தன நிறமும் வந்தன. எண்ணும் இதோடு பொருந்த வேண்டும். ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டும் கட்டிய ஆண்டு. 05 என்று தொடங்கும் பெட்டிக்குச் சிவப்பு அடித்தவர் 2005இல் பிறந்த குழந்தைக்கு எம்.ஜி.ஆரோடு புகைப்படம் எடுத்துக் காட்டுகிறார். கடைசி மூன்று இலக்கங்கள் வகை: 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொது இரண்டாம் வகுப்பு. ஸ்லீப்பர் பெட்டிக்கு அழகாக இருக்கிறதே என்று 05437 என்று டீகல் ஒட்டினால், ரிசர்வ் செய்த 72 பேரும் இடம் கேட்டுச் சண்டை போட வேண்டியவர்கள் ஆகிறார்கள். கதவில் ஆள் தொங்க வேண்டும். கழிப்பறை வாசலில் மூட்டையோடு ஒரு குடும்பம் உட்கார வேண்டும். ஊர்ப்பலகையும் உண்டு. மூன்று மொழியில், அரை மி.மீ. எழுத்தில், "சென்னை எழும்பூர்" என்று அச்சடிப்பவர் எழும்பூருக்கு சிறப்பு ழகரம் போடாமல் விட்டால், அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொல்லவும் ஆள் வருகிறார். வரும் ரயிலை அவர் ஒருநாளும் பார்ப்பதில்லை.

கடைசியில் அழுக்கு. புத்தம் புதுப் பெட்டி பொம்மை போலத் தெரியும். ஆகவே மங்கிய வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பூசித் துடைக்க வேண்டும். பிரேக் தூசு அடியில் செம்பழுப்பாக, கூரை அழுக்கு கறுப்பாக. ஜன்னலுக்குக் கீழே நீண்டு வடிந்த கறை எது என்பதைப் பயணிகள் அனைவரும் அறிவார்கள். இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டிய பெட்டியின் மேல் வெற்றிலைக் கறையைத் தெளிக்கிற நிமிடத்தில் கை நடுங்கும். நடுங்கினால் கறை இயல்பாக விழும். அது ஒன்றே இந்த வேலையில் தானாக நடக்கும் நன்மை.

இவ்வளவும் முடிந்த பெட்டி கண்காட்சிக்குப் போகிறது. பார்க்க வருகிறவர்கள் கம்பியை எண்ணட்டும், எண்ணைப் படிக்கட்டும், தொட்டி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கட்டும். செல்போன் படத்தையும் காட்டட்டும். கையால் மட்டும் தொட வேண்டாம். விரலில் உள்ள எண்ணெய் பட்டால் டீகல் உரிந்துவிடும்.