ஆவி பிடிக்கும் அரசாங்கம்

மூதூரில் பிள்ளைக்குத் தடிமன் என்றால் ஆவி பிடிப்போம். எண்ணெய் இறங்கி மண்ணுக்குத் தடிமன் என்றாலும் ஆவி பிடிக்கலாமாம். சுண்டுவிரல் அளவு குழாய்கள்; உள்ளே ஆவியை உறிஞ்சிக்கொள்ளும் பொருள். இரண்டடி ஆழத்தில் வரிசையாகப் புதைத்து, ஓரிரு கிழமை கழித்துத் தோண்டி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதும். எந்தக் குழாயில் எண்ணெய் ஆவி கூடுதலோ, கசிவு அதன் பக்கத்தில்தான். கள்ளனின் வாசல்வரை கோடு கீறிக் காட்டிவிடும்.

நம் நாட்டுக்கு இது ஆகவே ஆகாது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்றுக்குள் வாளி இறக்கினால் எண்ணெய் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைதான் குடிநீர். மூக்குள்ள சனமெல்லாம் மோந்து பார்த்து மின் நிலையத்தைக் கைகாட்டியது. அரசு என்ன செய்தது? குழு போட்டது. நீர் வழங்கல் சபை எண்ணெய் உண்டு என்றது. மாகாண சபையின் நிபுணர் குழு பயப்பட ஒன்றுமில்லை என்றது. சனம் பவுசருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றது.

வழக்குப் போட்டது அரசா? ஒரு சூழலியலாளர். சுற்றாடலைக் காக்கச் சம்பளம் வாங்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபை எங்கே நின்றது? எதிர்மனுதாரர் வரிசையில், முதல் ஆளாக.

2019 ஏப்ரல் 4இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மின் நிலையத்தை நடத்திய நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும். ஒரு கிணற்றுக்கு ஆகக் கூடியது 40,000. அந்தக் காசுக்குக் கிணறு வெட்டுகிறவன் மண்வெட்டியைக்கூடத் தூக்கமாட்டான்.

இனி எங்கள் பக்கம் வாருங்கள். கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் சீனக்குடா. வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள். 1942இல் ஜப்பான்காரன் தாக்க வந்தபோது ஒரு தாங்கி பற்றி எரிந்தது. 2022 ஜனவரியில் பாகப்பிரிவினை நடந்தது. இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு 14. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24. இருவரின் கூட்டுக் கம்பனிக்கு 61. கூட்டிப் பாருங்கள், 99. ஒன்றைக்கூட எண்ணாமல் விடவில்லை.

தாங்கியின் கீழே இருக்கிற மண் யார் பங்கு? இத்தனை வருட எண்ணெய் அதற்குள் எவ்வளவு இறங்கியது? கேட்டால் கோப்பைப் புரட்டுவார்கள்.

நாளைக்கு எங்கள் வாளியிலும் எண்ணெய் மிதந்தால் கவலை வேண்டாம். குழு வரும், தேநீர் குடிக்கும், அறிக்கை எழுதும். ஆவியைப் பிடிக்க இரண்டடி ஆழம் போதும் என்கிறது விஞ்ஞானம். நம்மவர்கள் அறிக்கையைப் புதைக்கிற ஆழத்துக்கு எந்தக் குழாயும் எட்டாது.