போக்குவரவு நூற்பாவுக்கு ஓர் உரை

போகும் வழியும் வரும்வழி தானே;
ஆகும் நேரம் அதுவன்று என்ப.

லண்டனிலிருந்து நியூயார்க் போவதற்கும் அங்கிருந்து திரும்புவதற்கும் தூரம் ஒன்றே, நேரம் வேறு என்றவாறு. ஹீத்ரோவுக்கும் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே ஏறக்குறைய 5,550 கிலோமீட்டர். ஆனால் டிக்கெட், போகும்போது சுமார் எட்டு மணி நேரம் என்னும். வரும்போது ஏழு என்னும்.

'வழி' என்றது நேர்வழியை. விமானம் வடக்கே வளைந்து சுற்றுவது வீண்செலவு என்று சுவரில் தொங்கும் உலகப்படத்தைக் காட்டி வாதிடுவோர் உளர். அவர் ஒரு பூகோள உருண்டை வாங்கி, அதன்மேல் நூல் பிடித்துப் பார்ப்பாராக.

நேரம் வேறாவது என்னை எனின், காற்றால். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பர். லண்டன் திரும்புவோரை அது தள்ளிவிடும். நியூயார்க் போவோரை மறிக்கும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் லண்டன் வந்தது. தரைக்கணக்கில் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிற்றோ எனின், இல்லை. ஒலியோடு ஒப்பிடும் வேகம் சுற்றியுள்ள காற்றை வைத்து அளக்கப்படும். அக்காற்றும் கூடவே ஓடிற்று.

'என்ப' என்றது முன்னோர் கண்டமை நோக்கி. ஜப்பானின் வாசபுரோ ஓயிஷி 1920களில் தாதேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று, 1926இல் அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். ஆகவே உலகில் ஏறக்குறைய எவரும் படிக்கவில்லை. 1944இல் ஜப்பான்மேல் குண்டுபோட வந்த அமெரிக்க விமானிகள், எதிர்க்காற்றில் நகர முடியாமல் நின்றபோதுதான் அந்த ஆய்வின் சாரம் நேரடியாக விளங்கிற்று. ஆய்வு மாணவர்கள் வெளியிடும் மொழியைத் தேர்ந்தெடுக்குமுன் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, 'ஆகும் நேரம்' என்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாயில் கிடைக்கக் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். இவற்றோடு, தாமதமானாலும் தாமதமில்லை என்று கணக்குக் காட்ட விமானக் கம்பெனிகள் கொஞ்சம் நேரத்தைச் சேர்த்தே அச்சிடும். பிறகு கேப்டன், "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று பெருமையோடு அறிவிப்பார். நாமும் மகிழ்வோம். இதைக் கற்பனையணி என்று நான் கருதுவேன். அணியிலக்கணத்தார் உடன்படுவது ஐயமே.

கடிகாரத்தை வைத்துக் கணக்கிடலாமே எனின், அது மேலும் கெடும். இரு நகருக்கும் வேறுபாடு ஐந்து மணி. ஆனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் முடிவில் ஒரு வாரமும் நான்கு மணிதான். அமெரிக்கர் கடிகார முள்ளைத் திருப்பும் ஞாயிறும் ஆங்கிலேயர் திருப்பும் ஞாயிறும் வேறாகலின்.

இவ்விதிக்குப் புறனடை, ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் விமானம். 1996 பிப்ரவரி 7 அன்று அது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் வந்தது. ஆயினும் அதன் உண்மையான விந்தை மேற்குப் பயணமே. லண்டனில் காலை பத்தரைக்குக் கிளம்பி, நியூயார்க்கில் அதே நாள் காலை ஒன்பதரை வாக்கில் இறங்கும். புறப்படுமுன்பே சேர்ந்துவிட்ட இப்பயணிக்குக் காலை உணவு ஒன்றா, இரண்டா என்பது பெருங்கேள்வி. விமானம் 2003இல் ஓய்வு பெற்றுவிட்டமையின், உரையாசிரியர் இரண்டு என்றே கொள்கிறார். மறுப்பவர் ஏறிப் பார்த்துவிட்டு மறுக்க.