என்ன விலைக்கு எடுத்தனீர்?

மலிவு அறிந்தவர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் இணுவிலில் அவர் விளைவதுபோல் வேறெங்கும் விளைவதில்லை. காரணம் ஊர் அமைந்த இடம். காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் மருதனார்மடம் சந்தை. அதைத் தாண்டினால் சுன்னாகம் சந்தை. மற்றப் பக்கம் திரும்பினால் திருநெல்வேலிச் சந்தை. மூன்றும் சைக்கிள் மிதிக்கும் தூரம். ஒரே சந்தை உள்ள ஊரில் மனிதர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேருவர். மூன்று சந்தைக்கு நடுவில் குடியிருப்பவருக்கு அந்த நிம்மதி கிடையாது. எங்கே வாங்கினாலும் மற்ற இரண்டிலும் மலிவாக இருந்திருக்குமோ என்ற சந்தேகம் மனதில் அரித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சந்தேகத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் ஊருக்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பவரே மலிவு அறிந்தவர்.

இவர் பெரும்பாலும் பென்சன்காரர். கந்தோரில் கணக்குப் பார்த்த கை; ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. உடைமைகள் மூன்று: பழைய லுமாலாச் சைக்கிள், ஹாண்டிலில் சுருட்டிக் கொழுவிய துணிப்பை, சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி. கொப்பியில் திகதி, சந்தை, பொருள், விலை என்று நாலு நிரல். தான் வாங்கியவற்றின் விலை அதில் பாதிதான். மீதிப் பாதி மற்றவர்கள் வாங்கியவை.

சந்தைக்கு இவர் ஒரே நாளில் இரண்டு தரம் போவார். காலையில் போவது பார்க்க. கத்தரிக்காய், பயித்தங்காய், வெண்டிக்காய், கறிமிளகாய் என்று வரிசையாக விலை கேட்டு, எதையும் வாங்காமல் திரும்புவார். வெயில் ஏறிய பிறகு போவது வாங்க. காலையில் நிமிர்ந்து கிடந்த கீரை அப்போது தலை சாய்ந்திருக்கும். மிச்சத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டு போக மனமில்லாத வியாபாரியும் இறங்கி வருவார். கத்தரிக்காய் ஒன்றை எடுத்து, காம்பைப் பார்த்து, பெருவிரலால் அழுத்தி, திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். குவியலின் மேலே கிடப்பதைத் தொடமாட்டார். அரைக் கிலோ தெரிந்து முடிப்பதற்குள் குவியல் இடம் மாறியிருக்கும். தராசு நின்ற பிறகு ஒரு பிடி கறிவேப்பிலையைத் தானே எடுத்துப் பைக்குள் போடுவார். அது விலையில் சேராது.

அந்தக் கத்தரிக்காய் பெரும்பாலும் இணுவில் செம்பாட்டுத் தோட்டத்தில், அநேகமாக இவர் வீட்டு வேலிக்குப் பின்னால், காய்த்ததாகவே இருக்கும். விடியற்காலையில் லாண்ட்மாஸ்டரில் மருதனார்மடம் போய், மத்தியானம் இவருடைய ஹாண்டிலில் தொங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வருகிறது. தோட்டத்தடியிலேயே வாங்கலாம், இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அங்கே வேறு யாரும் வாங்குவதில்லை. ஆகவே யாரைவிட மலிவாக வாங்கினோம் என்று சொல்ல வழியில்லை.

இவருடைய தலையாய தொழில் தொடங்குவது சந்தையை விட்டு வெளியே வந்த பிறகுதான். பையோடு வரும் எவரையும் இவர் சும்மா போகவிடுவதில்லை. ஒழுங்கை முகப்பில் சைக்கிளை மறித்து, ஒரு காலை நிலத்தில் ஊன்றி நிற்பார். இந்த விசாரணைக்கு ஐந்து படிகள் உண்டு.

முதலாவது பார்வை. முகத்தைப் பார்க்குமுன் பையைப் பார்ப்பார். துணிப்பையென்றால் புடைப்பைக் கொண்டு கணிப்பார். சொப்பிங் பையென்றால் அந்தச் சிரமமும் இல்லை. இரண்டாவது கேள்வி: "தம்பி, கத்தரிக்காயோ? என்ன விலைக்கு எடுத்தனீர்?" மூன்றாவது மௌனம். பதில் "இருநூற்றைம்பது" என்று வந்தால் இவர் ஒன்றும் பேசமாட்டார். வானத்தைப் பார்ப்பார். பிறகு மெதுவாக, "எங்கை?" என்பார். மருதனார்மடம் என்று தெரிந்ததும் ஒரு "ம்". நாலாவது தீர்ப்பு: "சுன்னாகத்திலை நூற்றெண்பதுக்குக் குவிச்சுப்போட்டு ஆளில்லாமல் இருக்கிறான்." ஐந்தாவது ஆறுதல். கொடியது இதுதான்: "சரி, வாங்கியாச்சு. இனி என்ன செய்யிறது? கொண்டுபோம்."

வாங்கி வந்தவருக்கு முகத்தில் ஈயாடாது. எழுபது ரூபா போனது ஒரு பக்கம். வீட்டுக்குப் போய் அந்தக் கத்தரிக்காயை வெட்டும்போதும், வதக்கும்போதும், சோற்றோடு பிசையும்போதும் நூற்றெண்பது, நூற்றெண்பது என்றே காதில் கேட்கும்.

சிலர் புத்தியாக விலையைக் குறைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பலனில்லை. நூற்றறுபது என்றால், "அந்த விலைக்கு நல்ல காய் வராதே! வெட்டிப் பார்த்தனீரோ? உள்ளுக்குப் புழு இருக்கும்" என்பார். சரியாக இவர் கொடுத்த விலையையே சொன்னால், "அதுதான் நானும் குடுத்தனான். ஆனால் எனக்கு நிறுவையிலை கூடப் போட்டவன்" என்பார். கூடினாலும் குறைந்தாலும் ஒத்தாலும் தோற்பது வாங்கியவர்தான். சொல்லாமல் தப்ப முயல்வது இன்னும் மோசம். "விலை ஞாபகமில்லை அண்ணை" என்ற ஒருவரை, "விலை கேளாமலோ சாமான் வாங்குறனீர்?" என்று ஊர் முழுக்கச் சொல்லிக் கெடுத்துவிடுவார்.

மரக்கறியோடு இது நிற்பதுமில்லை. தேங்காய், அரிசி, செத்தல் மிளகாய், சீனி எல்லாவற்றுக்கும் உண்டு. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் இவருக்குச் சோதனைக் காலம். ஊர் சைவமாகிவிட மரக்கறி விலை ஏறும். மீன் விலை விழும். சந்தையில் மீன் அடிமட்ட விலைக்குக் கிடக்க, வீட்டில் மீன்சட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று. விலையைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு திரும்புவார். ஆடி, ஆவணி விடுமுறையில் கனடாவிலிருந்து வருபவர்கள் இன்னொரு சோதனை. அவர்கள் வியாபாரி சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தையும் வாங்காமல் போகிறார்கள். "சந்தையைக் கெடுத்துப்போட்டினம்" என்பது அவர்களைப் பற்றிய இவருடைய முடிவு.

கல்யாண வீட்டில் வாழைக்காய் என்ன விலை என்று கேட்பதைச் சிரித்து விட்டுவிடலாம். அந்தியேட்டி வீட்டில், பந்தியில் இருந்துகொண்டு, தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் பூசணிக்காய் எங்கே எடுத்தது, என்ன விலைக்கு என்று கேட்பது அப்படியல்ல. அது அடாத செயல். ஊரில் யாரும் அதை முகத்துக்கு நேரே சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் வெறும் கஞ்சத்தனத்தால் வந்ததென்று சொல்லிவிடவும் முடியாது. இவருடைய தலைமுறை கூப்பன் அரிசியில் வளர்ந்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டு வெங்காயமும் மிளகாயும் பொன் விலை போனதை இவர் கண்ணால் கண்டவர். விலை ஒரு மனிதரை வீடு கட்ட வைக்கும், இன்னொருவரைப் பாணுக்கு வரிசையில் நிற்க வைக்கும் என்று அப்போதே தெரிந்துகொண்டார். 1990இல் போர் மறுபடி தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அரும்பொருளாயின. ஜாம்போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். அந்த நாட்களில் எந்தக் கடைக்குச் சீனி வந்திருக்கிறது, என்ன விலை, எத்தனை மணிக்குள் முடியும் என்று இவர் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆட்கள் இவரை மறித்துக் கேட்டார்கள். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டுச் சங்கக்கடை வாசலில் வரிசை நீண்டபோதும் அப்படித்தான். அப்போது ஊருக்கு வேண்டியிருந்த மனிதர். பாதை திறந்தது, சாமான் வந்தது. இவர் மட்டும் ஓயவில்லை.

2022 இவருடைய ஆட்சி கவிழ்ந்த ஆண்டு. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். காலையில் எழுதிய விலை மாலையில் பொய்யானது. நேற்று வாங்கியவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர் ஆகிவிட்டார்கள். யாரையும் பார்த்து "கூடக் குடுத்துப்போட்டீர்" என்று சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டில் இவர் மெலிந்து போனதாக அயலவர் சொல்வர். பொதுவாக எல்லாரும் மெலிந்த ஆண்டு அது. ஆனால் இவருக்குக் காரணம் வேறு.

இவர் உண்மையில் சேமிக்கிறாரா என்பது தனிக் கேள்வி. சைக்கிளுக்குப் பெற்றோல் வேண்டாம். ஆகவே ஏதோ மிஞ்சும். ஆனால் மலிவு எதுவோ அதுதான் அந்த வீட்டில் கறி. பூசணி மலிந்தால் ஒரு கிழமைக்குப் பூசணி. வாடிய கீரையை ஆய்ந்து, அழுகியதை வெட்டி எறிந்து, மிஞ்சியதைக் கறியாக்குவது மனைவியின் வேலை. அந்த மணித்தியாலங்களுக்குக் கொப்பியில் நிரல் இல்லை. விவசாயிக்கும் இல்லை. நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவென்று சந்தையில் எடுக்கிறார்களே என்று தோட்டக்காரர் பல காலமாக முறைப்பட்டு வருகிறார்கள். அந்தப் பத்துக் கிலோ இவருடைய கண்ணில் பட்டதில்லை. விலை எப்படி இறங்கியது என்பது இவர் ஆராய்ச்சிக்குள் வராது. உள்ளதைச் சொன்னால், சேமிப்பும் இவருடைய நோக்கமல்ல. தான் இருபது ரூபா மிச்சம் பிடித்ததைவிட, அடுத்தவர் இருபது ரூபா கூடக் கொடுத்தார் என்பதே இவருக்கு வயிறு நிறைய வைக்கும் செய்தி.

இவரைச் சமாளிக்க ஊரில் இரண்டு முறைகள் வழக்கிலுள்ளன. ஒன்று, இணுவில் கந்தசுவாமி கோயில் பக்கத்து ஒழுங்கைகளால் சுற்றிப்போவது. இவரும் சைக்கிளில்தான் திரிகிறார் என்பதால் இது நம்பத்தக்கதல்ல. மற்றது, "வீட்டுத் தோட்டத்திலை காய்ச்சது" என்று சொல்லிவிடுவது. இப்படிச் சொன்னவரின் படலையில் மறுநாள் காலை துணிப்பையோடு வந்து நிற்பார்.

மூன்றாவது முறை ஒன்று உண்டு. ஏனோ அதை யாரும் கைக்கொள்வதில்லை. சந்தைக்குப் போகுமுன் இவர் வீட்டுப் படலையில் நின்று, "அண்ணை, இண்டைக்கு எங்கை மலிவு?" என்று கேட்பது. கொப்பியைத் திறந்து மூன்று சந்தை விலையையும், யார் நிறுவையில் நேர்மை என்பதையும், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுவார். பொய் சொல்லமாட்டார், காசும் கேட்கமாட்டார். வாங்கிய பின் வயிற்றெரிச்சலாக வந்து சேரும் அதே தகவல், முன்கூட்டிக் கேட்டால் உதவியாகக் கிடைக்கும். இணுவிலில் பை தூக்குகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.