நீர்ச்சக்கரமும் ஈயலம்பமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (லூமுட் அன்பர் ஒருவர்): காலஞ்சென்ற பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் பென்சிலால் வரைந்த பழைய சித்திரம் ஒன்று அகப்பட்டது. ஓடை, பெரிய மரச்சக்கரம், அருகே கொட்டகை. கையொப்பமோ தேதியோ இல்லை. இது சீமைக் காட்சியா, நம் பேராக்கா?

பதில்: சக்கரத்தின் அழகில் மயங்காமல், அது எதைச் சுழற்றுகிறது என்று பாருங்கள். அதன் அச்சு ஒரு கட்டடத்தின் சுவருக்குள் நுழைந்து மறைய, வாசலில் மூட்டைகளும் வண்டியும் நின்றால், அது கோதுமை அரைக்கும் சீமை ஆலை. 1086ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே இங்கிலாந்தில் அத்தகைய ஆலைகள் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தன. புகழ்பெற்ற ஓவியர் கான்ஸ்டபிளின் தகப்பனாரே ஓர் ஆலைக்குச் சொந்தக்காரர். அதற்கு மாறாக, அச்சின் பக்கத்திலிருந்து நீண்ட மரத்தொட்டி ஒன்று சரிந்து பள்ளத்துக்குள் இறங்குமானால், பெரும்பாலும் அது நம் பக்கத்து ஈயலம்பமே, அதாவது ஈயச் சுரங்கமே.

மலையோடையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்த நீரைச் சக்கரத்தின் தலைமேல் விழச் செய்ய, அதன் கனத்தால் சக்கரம் சுழன்று, தொட்டிக்குள் சிறு பலகைகள் கோத்த முடிவில்லாச் சங்கிலியை இழுக்க, ஒவ்வொரு பலகையும் குழியில் ஊறிய நீரில் தன் பங்கைத் தள்ளிக்கொண்டு மேலேறிக் கொட்டிவிட்டு, வெறுமையாய் மீண்டும் கீழே திரும்பும். சீனத் தொழிலாளர் இந்த யந்திரத்தைச் சின்சியா என்றழைத்தார்கள். நீரைக் கொண்டே நீரை இறைத்து, அதே வாய்க்கால் நீரால் மண்ணைக் கழுவி ஈயத்தையும் பிரித்தெடுத்த அந்த மனிதர்களின் யுக்தியை நான் மனமார வணங்குகிறேன். 1877இல் பேராக்கின் லாருட்டுக்கு நீராவிப் பம்பு வந்தபின் இந்தச் சக்கரங்கள் மெல்ல ஓய்வு பெற்றன.

கேள்வி (சித்தியவான் ஆசிரியை): மேலிருந்து விழும் நீர், அடியில் ஓடும் நீர், இவற்றுள் சக்கரத்துக்கு வலுவூட்டுவது எது?

பதில்: விழும் நீரே. ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1759இல் மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்து, மேலிருந்து விழும் நீரிடம் ஏறத்தாழ இரண்டு பங்கு வேலை வாங்கலாம் என்று நிரூபித்தார். அடியில் வந்து மோதும் நீர் தன் சக்தியில் பெரும்பகுதியை நுரையாகவும் சுழியாகவும் சிதறடித்துவிடும். மேலே நிரம்பும் நீரோ அவசரப்படாமல் கடைசிவரை அமுக்கிக்கொண்டே இறங்கும்.

கேள்வி (ஈப்போ மாணவர்): தமிழ்நாட்டுச் சித்திரங்களில் நீராலையைக் காணோமே, ஏன்?

பதில்: ஆண்டில் பாதி நாள் மணலாய்க் கிடக்கும் ஆற்றை நம்பி எவர் ஆலை கட்டுவார்? செக்கை மாடு இழுத்தது. திரிகையைப் பெண்கள் சுற்றினார்கள். வற்றாத தாமிரபரணிதான் விலக்கு: 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் அதன் நீர்விசையைக் கொண்டே பஞ்சாலை ஓட்டினார்கள்.

கேள்வி (பங்கோர் வாசகர்): சக்கரத்துக்கும் சரித்திரத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் உண்டு. 1861இல் லாருட்டில் ஹாய்சான், கீஹின் என்னும் இரு சீனச் சங்கத்தாரும் முதன்முதல் மோதிக்கொண்டது லம்பத்துக்குப் போகும் வாய்க்கால் நீருக்காகத்தான். அந்தச் சச்சரவு பெருத்து, பேராக் சுல்தான் பட்டத்துப் போட்டியும் அதனுடன் சேர்ந்துகொள்ள, ஆங்கிலேயர் உள்ளே புகுந்து 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கையை முடித்தார்கள். அதன்படி லூமுட்டை உள்ளிட்ட டிண்டிங்ஸ் பிரதேசம் அவர்கள் கைக்குப் போய், 1935இல்தான் பேராக்குக்குத் திரும்பிவந்தது. ஒரு வாய்க்காலின் நீர் எவ்வளவு தூரம் பாயும் என்று கேட்பவரை லூமுட் படகுத்துறையில் நிறுத்தி, எதிரேயுள்ள பங்கோர்த் தீவைச் சுட்டிக்காட்டுவேன்.

கேள்வி (முதல் அன்பரே மீண்டும்): சித்திரம் மங்கிவருகிறது. பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! பென்சிலின் கரி வெயிலுக்கு வெளுப்பதில்லை, பழுப்பது காகிதந்தான். சூட்டால் ஒட்டிய உறையைப் பின்னால் பிரிக்க முனைந்தால் கோடுகளும் கூடவே உரிந்து வந்துவிடும். பசைநாடாவும் ஆகாது. கடற்காற்றின் ஈரம் படியும் சுவரில் மாட்டாமல், கண்ணாடி காகிதத்தில் உராயாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடுங்கள். கோடுகளின்மேல் விரல் படவேண்டாம்; விரல் பட்ட இடத்தில் கரி தேய்ந்து, சக்கரத்தின் ஆரங்களே புகையாகிப் போகும்.

அதோடு இன்னொரு விண்ணப்பம். ஈயலம்பச் சக்கரம் போன வழியே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயமும், காலையில் ஆட்கணக்கு எடுத்த பெரட்டுக்களமும், ரப்பர்ப் பால் கொட்டகையும் நம் கண்முன் போய்க்கொண்டிருக்கின்றன. வீட்டில் வரையத் தெரிந்த பிள்ளை இருந்தால், எஞ்சியவற்றுள் ஒன்றன் எதிரே உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். வரைந்ததும் காகிதத்தின் பின்புறம் ஊர், தோட்டம், தேதி, வரைந்தவர் பெயர் நான்கையும் பென்சிலாலேயே எழுதி வையுங்கள்.