பர்சன்ட் மாப்ளைக்கு ஒரு ரோசனை

ஏனுங் மாப்ள, வாசல்ல கால் வெக்கறதுக்கு முன்னாடியே "அப்புச்சி, பதினஞ்சு ஆம்பியர் பிளக் இருக்குங்களா?"ன்னு கேட்ட ஒறம்பரை இந்தச் சத்தியமங்கலத்துலயே நீங்க ஒருத்தருதானுங்க. இருக்குதுங்க. உங்க மாமியா கிரைண்டருக்குப் போட்டது. மாட்டிப்போட்டு வாங்க, மோரு குடிங்க.

சரவணம்பட்டியில இருந்து அன்னூரு, புளியம்பட்டி தாண்டி இங்க வர அறுபது கிலோமீட்டர் இருக்குமா? உங்க கரண்டு வண்டி ஒருக்கா சார்ஜ் போட்டா 300 கிலோமீட்டர் ஓடும்னு சொல்லித்தான வித்தாங்க? அப்பறம் எதுக்குங்க வழி நெடுக ஏசிய நிறுத்திப்போட்டு எம் பேத்திய வேர்வையில முக்கிக் கூட்டியாந்தீங்க? அந்த 300, வண்டிய உருளை மேல ஏத்தி, ஏசி போடாம ஓட்டிப் பாத்து எழுதற கணக்காமுங்க. நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப சொன்ன சம்பளமாட்ட. ரோட்டுல 200 வந்தாப் போதும்னு வெச்சுக்கோங்க. பெட்ரோல் வண்டியில முள்ளு சிவப்புக்கு வந்தாலும் பாத்துக்கலாம்னு போனவரு, இப்ப 64 பர்சன்ட்டுக்கே நாடி புடிச்சுப் பாக்கறீங்க.

திம்பம் மலை ஏறறதுக்குப் பயந்தா மட்டும் அதுல நாயம் இருக்குது. 27 கொண்டை ஊசி வளைவு. ஒண்ணரை டன் வண்டியக் கிட்டத்தட்ட முக்கா கிலோமீட்டர் உசரத்துக்குத் தூக்கவே மூணு யூனிட் வேணும். சக்கரம் உருளறதுக்கு வேற தனி. உங்க 30 யூனிட் பேட்டரியில பத்துல ஒரு பங்கு அங்கயே தீந்துரும். மீட்டர் சரசரன்னு எறங்கறதப் பாத்து, தாளவாடி வரைக்கும் இப்படியேதான்னு கணக்குப் போட்டுப் பாதி மலையில திரும்பிராதீங்க. ஏத்தம் முடிஞ்சா அதும் அடங்கிரும். எறங்கறப்ப மோட்டாரே வேகத்தப் புடிச்சு, போன கரண்டுல ஒரு பங்கத் திருப்பிக் குடுக்கும். ஆனா ஆசனூர்ல 100 வரைக்கும் ரொப்பிட்டு உடனே எறங்குனா அத எங்கீங்க ஊத்தறது? வாங்கிக்காது. அப்பறம் கால் பிரேக்கு ஒண்ணுதான் தொணை. மலை மேல ரொப்பறப்ப கொஞ்சம் எடம் உட்டே ரொப்புங்க.

அந்த ரோட்டுல காரப்பள்ளத்துல கரும்பு லாரிய யானை மறிச்சா நிக்கோணும். மத்த வண்டி உறுமி உறுமி எண்ணெய எரிக்கும், உங்களுது கம்முனு நிக்கும். சத்தம் இல்லையேன்னு கிட்டப் போயி போட்டோ புடிக்காதீங்க. புகையில்லாத வண்டின்னு யானை ஒண்ணும் மரியாத பண்ணாது.

எப்படியும் 2022 பிப்ரவரியில இருந்து ஐகோர்ட் உத்தரவு. ராத்திரி 9 மணிக்கு மேல விடிய 6 வரைக்கும் திம்பத்துல கார உடறதில்ல. அந்நேரத்துக்கு நீங்க தூங்குங்க, வண்டி பிளக்குல கெடக்கட்டும், பத்து மணி நேரத்துல ரொம்பிரும். பாஸ்ட் சார்ஜர்னாலும் 80 வரைக்கும்தானுங்க வேகம், அதுக்கு மேல தடவித் தடவித்தான் ஏறும். அந்தக் கடைசி 20-க்காக, பின்னாடி நிக்கறவரு வாயில உழுகாதீங்க.

கெணத்து மோட்டார் பெட்டிய எதுக்குங்க அப்படிப் பாக்கறீங்க? அது ஆகாது. 1970ல கரண்டு ரேட்ட ஏத்துனதுக்குப் போராடி, பெருமாநல்லூர்ல மூணு வெவசாயி குண்டடி பட்டுச் செத்தாங்க. அப்படி ஆரம்பிச்ச போராட்டந்தான் பின்னாடி இலவச மின்சாரமாச்சு. வெள்ளாமைக்குன்னு குடுத்தது, உங்க காரு குடிச்சாத் திருட்டுக் கரண்டு. ஊட்டு மீட்டர்லயே போடுங்க. ரெண்டு மாசத்துக்கு இத்தன யூனிட்டுன்னு சும்மா குடுக்கறாங்க. மேல வந்தா நான் கட்டிக்கறேன்.

ஆமாங்க, நெசமாத்தான். உங்க அபார்ட்மெண்டுல ஒரு பிளக் போடறதுக்கு அசோசியேசன்காரங்க இன்னும் கூட்டம் போட்டுக்கிட்டே இருக்காங்களாமே? பார்க்கிங் உங்களுது, செவுரு பொதுவு, ஒயர் யாரு செலவுன்னு பஞ்சாயத்து. வாரத்துல ரெண்டு நா மாலுக்குப் போயி சார்ஜர் முன்னாடி உக்காந்து வேண்டாத சட்டையெல்லாம் வாங்கறீங்கன்னு எம் பேத்தி சொல்றா. வண்டி ராத்திரி நிக்கற எடத்துல கரண்டு இல்லீனா 300 என்ன, 500 ஓடுனாலும் ரோதனைதானுங்க. எனக்குப் பாருங்க, வாசல் இருக்குது, பிளக் இருக்குது. போனா பூ மார்க்கெட்டு, பண்ணாரி, மிஞ்சிப்போனா பவானிசாகர்.

அதனால வண்டி இங்கயே கெடக்கட்டும் மாப்ள. கோயமுத்தூர் பஸ்ஸுக்கு இந்த ஊர்ல பஞ்சமே இல்ல, சரவணம்பட்டியிலயே எறங்கிக்கலாம். சாவிய மட்டும் அந்த மாடத்துல வெச்சுட்டுப் போங்க.