கடைமடைக்கு வந்துச்சா, பேராண்டி?

மெட்ராஸ்ல, ஓ.எம்.ஆர். ரோட்டுல, எட்டாவது மாடியில உக்காந்துக்கிட்டு நீ பாக்குற வேலைக்கு 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்'னு பேருன்னு உங்கம்மா சொன்னா. யூசர்னா யாருடின்னு கேட்டேன். அவளுக்குத் தெரியல. உனக்காச்சும் தெரியுமா? கோவிச்சுக்காதடா, சும்மாத்தான் கேக்குறேன். இஞ்ச திண்ணையில உக்காரு. அந்த லேப்டாப்பு மூடியே இருக்கட்டும். அது தொறக்கறதுக்குள்ள நான் ரெண்டு தடவ வெத்தல போட்டுத் துப்பிடுவேன்.

வலைத்தளம் கட்டுறது என்னமோ ராக்கெட்டு விடுற வேல மாதிரி பேசுறீங்களே. மொதமொத அதக் கட்டுனவரு இவ்வளவு அலட்டிக்கலயேப்பா. டிம் பெர்னர்ஸ்-லீன்னு பேரு. ஜெனீவா பக்கத்துல செர்ன்னு ஒரு ஆராய்ச்சிக்கூடம். அங்க வேல பாக்குறப்ப 1991-ல உலகத்துலயே மொதப் பக்கத்தப் போட்டாரு. படம் கெடையாது. ஆட்டம் கெடையாது. எழுத்து இருக்கும், தொட்டா அடுத்த பக்கம் போவும். அவ்வளவுதான். இன்னிக்கும் போயி அதப் பாக்கலாம், பொசுக்குன்னு தொறக்கும். நீ போன வருசம் பண்ணத இந்த வருசம் தொறந்தா 'புதுசா மாத்திக்கிட்டு வாங்க'ன்னு வாசல்லயே நிறுத்துது. யாரு கெட்டிக்காரன்?

சரி, இப்ப உள்ள பக்கத்துக்கு வருவோம். நெல்லு சம்பந்தமா ஒரு தளம். பேரு எதுக்கு, பண்ணவனும் யாரோ பெத்த புள்ளதானே. தொறந்தா மேல ஒரு படம் நகருது. ஒரு ஆளு, வெள்ள வேட்டி கசங்காம, நாத்தக் கையில புடிச்சுக்கிட்டுப் பல்லக் காட்டுறான். ஏண்டா, நம்ம பக்கம் ஆம்பள எப்படா நடவு நட்டான்? நாத்துப் பறிப்பான், கட்டத் தூக்கியாந்து வயல்ல எறிவான், அப்பறம் வரப்புல நின்னு அதிகாரம் பண்ணுவான். குனிஞ்சு நடுறதெல்லாம் பொம்பளைங்க. அது போவட்டும். அந்தாளு சிரிப்பப் பாத்து முடிக்கல, படம் நவுந்து அடுத்தவன் வந்து சிரிக்கிறான். கீழேருந்து ஒரு பலகை ஏறுது, குக்கீய ஏத்துக்கிறியா இல்லியாங்குது. மேலேருந்து இன்னொண்ணு எறங்குது, தெனம் சேதி அனுப்பவாங்குது. மூலையில ஒரு பொம்ம கைய ஆட்டி, 'நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்'ங்குது. நீ வழிய விட்டு நவுந்தாலே பெரிய உதவிதாம்மா.

எனக்கு வேண்டியது ஒத்தச் சேதி. நம்ம ஊரு கொள்முதல் நிலையத்துல இன்னிக்கு நெல்லு புடிக்கிறாங்களா, இல்லியா? நெல்லு களத்துல குவிஞ்சு கெடக்கு. கெழக்க வானம் கறுக்குது. ஈரப்பதம் 17 சதம் தாண்டுனா எடுக்க மாட்டேம்பாங்க, ஒரு மழ பேஞ்சா கத முடிஞ்சுது. அந்த ஒத்த வரிய எங்கடா வச்சிருக்கீங்க? உருட்டி உருட்டி அடிவரைக்கும் போனா ஒரு பி.டி.எஃப். இருக்கு. அது எறங்குற வரைக்கும் ஒரு வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. எறங்குனப்பறம் பாத்தா போன வருசத்துப் பட்டியல்.

ஜேக்கப் நீல்சன்னு ஒரு டென்மார்க்குக்காரரு 1993-லயே புஸ்தகம் போட்டுச் சொல்லிட்டாரு. தொட்ட ஒரு செகண்டுக்குள்ள பதில் வந்தா மனுசன் நெனப்பு அறுபடாது. 10 செகண்டு தாண்டுனா அவன் புத்தி வேற பக்கம் போயிடும். அவரு சொன்னது ஆபீஸ்ல குந்தியிருக்கறவனுக்கு. மழ மேகத்துக்குக் கீழ நிக்கறவன் புத்தி வேற எங்கடா போவும்? பக்கத்தக் கட்டுனவன் பரம்பரைக்குத்தான் போவும்.

நம்ம ஆத்துத் தண்ணியவே எடுத்துக்க. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறக்கறதுதான் கணக்கு. 120 அடி அண. அப்பறம் கல்லணயில மந்திரிங்க வந்து பூவும் நெல்லும் தூவுவாங்க. மறுநா பேப்பர்ல பெரிய போட்டோ. நொர தள்ளிக்கிட்டுப் பாயறதப் பாத்தா கையெடுத்துக் கும்புடத் தோணும். ஆனா அந்தப் போட்டோவப் பாத்து எவனாச்சும் வெதைய ஊறப் போடுவானா? தண்ணி கடைசியாப் போயி சேர்ற கோடியில, பேராவூரணிக்காரன் 1934-ல வெட்டுன புது ஆத்தப் பாத்துக்கிட்டு நிப்பான். தலைஞாயித்துக்காரன் காஞ்ச வாய்க்காலப் பாத்துக்கிட்டு நிப்பான். ரெண்டு பேரும் கேக்குறது ஒண்ணுதான்: கடைமடைக்கு வந்துச்சா?

உன் எட்டாவது மாடி கல்லணடா. அங்க வை-ஃபை நொர தள்ளும். உன் கையில லட்ச ரூவா போனு. பக்கம் பட்டுன்னு தொறந்துச்சுன்னு எல்லாரும் சேந்து கேக்கு வெட்டிருக்கீங்க, போட்டோவ உங்கம்மா காட்டுனா. கடைமடையில தொறந்து பாத்தியா? சிக்னலு ஒரு கோடா வந்து வந்து போற வயக்காட்டுல, கொழந்த கீழ போட்டுக் கண்ணாடி விரிசல் விட்ட போன்ல, உச்சி வெயில்ல? வெள்ளத் தாள்ல சாம்ப நெறத்துல எழுதி அழகுங்குற. வெயில்ல அந்தச் சாம்பலும் தெரியல, எழுத்தும் தெரியல. பின்னாடி நெறத்துக்கும் எழுத்துக்கும் 4.5-க்கு 1 வித்தியாசமாச்சும் இருக்கணும்னு உலகம் பூரா ஒரு விதி இருக்காமே. உங்க ஆபீஸ் கண்ணாடி ரூமுக்குள்ள அந்த விதி செல்லாதா? விரல் வைக்கிற எடம் 44 புள்ளி அகலமாச்சும் இருக்கணும்னு ஆப்பிள்காரனே சொல்லிருக்கான். மம்முட்டி புடிச்சுக் காப்புக் காச்ச வெரலு இது. நீ எறும்புக் கண்ணு அளவுக்கு ஒரு பெருக்கல் குறியப் போட்டு 'இத அமுக்கி மூடு'ங்குற. அமுக்குனா வெளம்பரம் தொறக்குது. தெரியாமத்தான் அப்படி வச்சியோ?

தமிழ்ல படிக்கலாம்னு மாத்துனா அது வேற கூத்து. இங்கிலீசு 'சப்மிட்'டுக்கு அளவெடுத்து நீ பெட்டி தச்சுட்ட. 'சமர்ப்பிக்கவும்' வந்து பெட்டிக்கு வெளிய கால நீட்டிக்கிட்டு நிக்குது. வரிக்கும் வரிக்கும் எடம் விடாததுனால மேல போற சுழியும் வெட்டு, கீழ எறங்குற கொம்பும் வெட்டு. மொட்டையும் மொடமுமா எழுத்து நிக்குது. 'அனுப்பு'ன்னு நாலெழுத்து போட்டா கொறஞ்சா போயிடுவ?

பேரு கேக்குற எடத்துக்கு வா. மொதப் பேரு, கடைசிப் பேரு. கடைசிப் பேரு கட்டாயமாம், செவப்பா நட்சத்திரம் போட்டுருக்க. நம்ம வம்சத்துல யாருக்குடா கடைசிப் பேரு? ஒரு இனிசியலு, ஒரு பேரு, முடிஞ்சுது. புள்ளிய வச்சு இனிசியலப் போட்டா 'தவறான எழுத்து'ங்குது. சரின்னு எங்கப்பாரு பேர அங்க போட்டேன். அன்னிலேருந்து கடுதாசியெல்லாம் எங்கப்பாருக்கு வருது. 'அன்புள்ள ஐயா, உங்களுக்காக ஒரு சிறப்புச் சலுகை'ன்னு. மனுசன் போயி எத்தினி திவசம் குடுத்தாச்சு, இப்பத்தான் சலுகை வருது.

அப்பறம் பொறந்த வருசம். இந்த வருசத்துலேருந்து உருட்டச் சொல்ற. உருட்டுறேன். 2018 வருது, கஜா புயல்ல தென்ன சாஞ்ச வருசம். 2004, கடலு உள்ள வந்த வருசம். இன்னும் உருட்டுறேன். 1980, எம்.ஜி.ஆரு கர்ணம் மணியம் வேலையெல்லாம் ஒழிச்சாரு. 77 புயலத் தாண்டியாச்சு. 67, அண்ணா ஜெயிச்சாரு. கைய வலிக்குதுன்னு கொஞ்சம் நிறுத்துனேன், வெரலு பட்டு சடார்னு மறுபடியும் இந்த வருசத்துக்கே ஓடிப்போச்சு. திரும்பவும் கஜா, சுனாமி. 52 புயலத் தாண்டி நான் பொறந்த எடத்துக்கு வர்றதுக்குள்ள 'நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே வாங்க'ங்குது. என் ஆயுச ரெண்டு தடவ வாழ வச்சுட்டியேடா. நாலு எண்ண நானே தட்டிட்டுப் போறேன்னு விட்டா என்ன?

ஓ.டி.பி. பத்திச் சொல்லவே வேணாம். என் பேருக்குப் பதிவு பண்ணிருக்கறது உன் மாமன் நம்பரு. அவன் சிங்கப்பூர்ல இருக்கான். நான் இஞ்ச பொத்தான அமுக்குனா அங்க அவன் சட்டப் பையில மணியடிக்குது. அவன் வேல நேரத்துல போனு எடுக்க முடியாது. நீ குடுக்குற அவகாசத்துக்குள்ள எண்ணு கடலத் தாண்டி வந்தாவணும். இத நீ யோசிச்சிருப்பியா? உங்க ஆபீஸ்ல 'பெர்சோனா'ன்னு ஒண்ணு எழுதி செவுத்துல ஒட்டுவீங்களாமே. விவசாயி, வயசு 55, ரெண்டு மாடு, டீ புடிக்கும்னு ஒரு ஆளக் கற்பனையா செஞ்சு, அவனுக்கு என்ன வேணும்னு கூடிப் பேசுவீங்களாம். உசுரோட இருக்கற தாத்தா இஞ்ச உக்காந்திருக்கேன், கேக்க நாதியில்ல. செவுத்துல ஒட்டுனவனுக்கு டீ வாங்கிக் குடுக்குறீங்க.

அதே நீல்சன் 2000-ல இன்னொண்ணு சொன்னாரு. பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேணாம், அஞ்சு பேரக் கூப்புட்டு உக்கார வச்சுப் பாரு, முக்காவாசிக் கோளாறு தெரிஞ்சுடும்னாரு. அஞ்சு பேருதாண்டா. நம்ம டீக்கடை பெஞ்சுல காலங்காத்தால அதுக்கு மேலயே இருப்பான். ஆளுக்கு ஒரு டீ, ஒரு மெதுவட. போனக் கையில குடு, 'நெல்லு போடப் பதிவு பண்ணுங்க'ன்னு சொல்லு, அப்பறம் வாயத் தொறக்காத. அதுதான் உனக்குக் கஷ்டம். 'அங்க இல்ல தாத்தா, மேல மூணு கோடு இருக்கு பாருங்க'ம்ப. மூணு கோட்டுக்குள்ள பொக்கிசம் இருக்குன்னு எந்த சாமி கனவுல வந்து சொல்லும்?

டான் நார்மன்னு அமெரிக்காவுல ஒரு வாத்தியாரு. 1988-ல எழுதுன புஸ்தகத்துல கதவப் பத்தியே பக்கம் பக்கமா எழுதிருக்காரு. ஒரு கதவத் தள்ளுறதா இழுக்குறதான்னு அதுல எழுதி ஒட்ட வேண்டியிருந்தா, கதவு பண்ணவன் மேலதான் குத்தம்னு. நீ என்னடான்னா பக்கத்தத் தொறந்ததும் கறுப்புத் திரையப் போட்டு, அம்புக்குறி காட்டி, 'இது மெனு, சரி, அடுத்து'ன்னு பாடம் நடத்துற.

இதெல்லாம் அறியாப் புள்ள பண்றதுன்னு விட்டுடலாம். தெரிஞ்சே பண்றது ஒண்ணு இருக்கு பாரு. 'இன்னும் ரெண்டே ரெண்டுதான் பாக்கி'ன்னு பொய்யா அவசரப்படுத்துறது. கேக்காத சாமானக் கூடையில நைசாப் போட்டு வெக்கிறது. வேணாம்னு சொல்லப் போனா 'எனக்குக் குடும்பத்து மேல அக்கறை இல்லை'ன்னு எழுதுன பொத்தான அமுக்கச் சொல்றது. ஹாரி பிரிக்னல்ங்கற வெள்ளக்காரரு 2010-ல இதுக்கெல்லாம் 'டார்க் பேட்டர்ன்'னு பேரு வச்சாரு. நம்ம மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல 13 வகையா எழுதி, கூடாதுன்னுது. 13 தானா? நம்ம சந்தையில ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னும் நாலு சேத்துக் குடுத்திருப்போம். ஆனா சந்தையில ஏமாத்துனவன் மூஞ்சியாச்சும் தெரியும். அடுத்த வாரம் போயி சட்டையப் புடிக்கலாம்.

கெழவன் எதையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டான்னு நெனைக்காத. பட்டா பாக்குற நம்ம சர்க்கார் பக்கம் இருக்கு. மாவட்டம் கேக்கும், வட்டம் கேக்கும், கிராமம் கேக்கும். அப்பறம் பட்டா நம்பரு, இல்லாட்டி சர்வே நம்பரு. நான் வாயால சொன்னாலும் அந்த வரிசையிலதான் சொல்லுவேன். அழகெல்லாம் ஒண்ணும் கெடையாது, இருந்து என்ன பண்ணப் போறேன்? கர்ணம் காலத்துல இதே நகலுக்கு அவரு வூட்டு வாசல்ல போயி நிக்கணும். பூசணிக்கா கொண்டாந்தியான்னு அவரு கண்ணு மொதல்ல கையத்தான் பாக்கும். எழுதிக் குடுத்தாலும் அந்த எழுத்த அவரத் தவிர ஒரு பய படிக்க முடியாது. இங்கிலாந்து சர்க்காரு 2012-ல இலாகாவுக்கு ஒண்ணா இருந்த தளங்கள ஒரே எடத்துக்குக் கொண்டார ஆரம்பிச்சுது. சிரிக்கிற ஆளு படம் கெடையாது, நகருற பலகை கெடையாது, சாதா எழுத்து, நேர் வாக்கியம். மறுவருசமே லண்டன் டிசைன் மியூசியம் அந்த வருசத்துக்கே சிறந்த வடிவமைப்புன்னு பரிசத் தூக்கிக் குடுத்துச்சு. இத உங்க மேனேஜர்கிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, லண்டன் சொல்லுச்சுன்னு சொல்லு. அப்பத்தான் காதுல ஏறும்.

என்ன, மொகம் சுண்டிப் போச்சு? வேலைய வுடச் சொல்லலடா. ஊருக்கு வர்றப்பல்லாம் உன் பக்கத்த இஞ்ச ஒருதரம் தொறந்து பாத்துட்டுப் போன்னுதான் சொல்றேன். இப்பவே ஆரம்பிச்சுடுவோம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் 15 கெடுங்குறாங்க. சிட்டா, அடங்கல், ஆதாரு, பாஸ்புக்கு எல்லாம் டிரங்குப் பொட்டியில மேலாக்கவே இருக்கு, எடுத்தா. உன் லட்ச ரூவா போனு வேணாம், என் போன்லயே போடு. மொதல்ல சிங்கப்பூருக்கு ஒரு போனப் போட்டு, நம்பரு வரும், சட்டப் பையில கைய வச்சுக்கிட்டே இருன்னு உன் மாமன்கிட்ட சொல்லிடு.