நாய் உதறல்: நீரியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்: வீட்டு நாயை எப்படிக் குளிப்பாட்டுவது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், குளிப்பாட்டுகிறவர் எங்கே நிற்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. ஆய்வுலகில் இடைவெளி ஒன்றைக் காட்டிவிட்டால் போதும்; அது இத்தனை நாள் ஏன் சீந்துவாரற்றுக் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஆய்வு எல்லை: மங்கலம்பேட்டை. வடக்கே உளுந்தூர்பேட்டை, தெற்கே விருத்தாசலம். ஆய்வுப்பொருள்: மணி என்னும் நாட்டுநாய். மாதிரி அளவு: ஒன்று. 2005-இல் அஞ்சல்தலையிலேயே இடம்பிடித்த ராஜபாளையம் நாயைப் பற்றி எழுத ஆளுண்டு. மணிக்கும் அஞ்சல்துறைக்குமான உறவு வேறு வகை. தபால்காரர் எங்கள் வீட்டுக் கடிதத்தை எதிர்க்கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இயல் 1: சீவுதல். சீவ வேண்டும்.

இயல் 2: காது. குளியலுக்கு முன் பஞ்சு வைக்க வேண்டும். பின் எடுக்க வேண்டும். இரண்டாம் வாக்கியம் முன்னோர் ஆய்வுகளில் இல்லை.

இயல் 3: நகம். வெளிர் நகமென்றால் உள்ளே ரத்தக்குழாய் ரோஜா நிறத்தில் தெரியும். அதைத் தொடாமல் நறுக்கலாம். மணிக்குக் கறுப்பு நகம், ஒன்றும் தெரியாது. நுனி நுனியாகத்தான் போக வேண்டும். சிமெண்ட் தெருவில் ஓடுகிற நாய்க்கு மற்ற நகங்கள் தாமே தேயும். தரையையே தொடாத கட்டைவிரல் நகம் மட்டும் வளைந்து வளர்ந்துகொண்டே போகும். எதையும் தொடாமல் வளர்வதற்குப் பல்கலைக்கழகத் துறைகளில் தக்க சான்றுகள் உண்டெனினும், ஆய்வு எல்லை கருதி விடுக்கிறோம்.

இயல் 4: உண்ணி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவும் மரபு (எதிர்வீட்டு ஆயா, ‘திண்ணைப் பேருரைகள்’, வெற்றிலைப் பதிப்பு) நாயின் தோலைத்தான் புண்ணாக்கும். அதோடு, நாயை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் விரிசலில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. சுவரையும் பார்க்க வேண்டும்.

இயல் 5: குளியல். நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை. ஆகவே நம் சோப்பு அதற்கு ஆகாது. நாய்க்கென்று விற்கும் ஷாம்பூதான். வெதுவெதுப்பான தண்ணீர். இனி தலையாய பொருளுக்கு வருவோம்.

2012-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் பதினாறு வகைப் பாலூட்டிகளின் ஈர உதறலை அதிவேகக் கேமராவில் பதிந்து அளந்தார்கள். சுண்டெலி நொடிக்கு முப்பது தடவை போல உதறுகிறது. லாப்ரடார் நாய் நான்கு தடவைக்குச் சற்று மேல். உடல் சிறுக்கச் சிறுக்க வேகம் கூடினால்தான் துளி தெறித்து விழும். தோல் தளர்வாக இருப்பதால் முதுகெலும்பைவிட அதுவே அதிகம் சுழல்கிறது. எலியை நனைத்தாலும் உயர்தர ஆய்விதழில் இடமுண்டு என்பதை, பணம் கட்டிய மூன்றாம் நாள் கட்டுரை அச்சாகும் இதழ்களையே நம்பியிருக்கும் நம்மவர் கவனிப்பார்களாக.

தெறித்த தண்ணீர் யார்மேல் விழுந்தது? அந்த ஆய்வு மௌனம் சாதிக்கிறது. மங்கலம்பேட்டையில் இதுபற்றி இரு பள்ளிகள் உண்டு. நின்ற இடத்திலேயே நாய் உதறும் என்பது கிணற்றடிப் பள்ளி. வெள்ளை வேட்டி தென்படும்வரை அடக்கி வைத்திருந்து உதறும் என்பது கூடத்துப் பள்ளி (அடுத்த வீட்டு மாமா, ‘ஈரமும் இலக்கும்’, சலவைக் கணக்கு நோட்டின் பின்னட்டை, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பு நனைந்துவிட்டது). இதற்குக் கிணற்றடிப் பள்ளியார் எழுதிய மறுப்பும், மறுப்புக்கு மாமா பால் கார்டின் பின்புறம் வரைந்த விளக்கப்படமும், அதன்மேல் மணி கால்வைத்ததால் உண்டான பாடபேதமும் தனிநூலாகத் தக்கவை.

எம் முடிபு: சுழலும் உடலிலிருந்து நீர் பக்கவாட்டில்தான் பாயும், எனவே நாயின் நேர்பின்னால் நிற்பவர் குறைவாக நனைவார். கோட்பாட்டில் பிழையில்லை. “டேய், புடிடா, உதறப் போவுது!” என்று அம்மா கத்தியதும் மணி திரும்பிக்கொள்வது மட்டும் கோட்பாட்டுக்கு வெளியே இருக்கிறது. தலை நனைந்தால் உதறல் கிளம்பும். ஆகவே தலைக்குக் கடைசியில் தண்ணீர் விடுவதே நடைமுறையில் கண்ட தீர்வு.

பின்னிணைப்பு: குளித்த நாய் நேரே மண்ணில் போய்ப் புரளும். ஷாம்பூ வாசனை அதற்குப் பிடிக்காததே காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். பீங்கானுக்குப் பேர்போன வட்டாரத்தில் இருந்துகொண்டு இதை இப்படியா விளக்குவது? தண்ணீர், மண், பிசைதல், நிழலில் உலர்த்தல் என்று விருத்தாசலத்தார் ஜாடிக்கும் பொம்மைக்கும் செய்கிற வேலைகளை மணி வரிசை தப்பாமல் செய்கிறது. அடுத்த கட்டம் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூளை. அதற்கு ஆய்வுப்பொருளின் ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை.